ரஷ்ய அவான்-கார்ட் ஓவியம்: சேகரிப்பில் சேர்க்கும் முன் செய்யும் சோதனைகள்

1910, 20களின் ரஷ்ய அவான்-கார்ட் ஓவியங்களில், அதாவது மரபை உடைத்துப் புதுமை தேடிய ஓவியர்களின் படங்களில், போலி மலிந்து கிடக்கிறது. கொலோன் நகரின் லுட்விக் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 49 ஓவியங்களை ஆராய்ந்து, 22 படங்கள் தவறான பெயரில் இருப்பதை 2020இல் கண்காட்சி வைத்தே சொன்னது. பாராட்ட வேண்டிய துணிச்சல். ஸ்டாலின் காலத்தில் இந்தப் படங்கள் கிடங்குகளில் முடங்கின, ஆவணத் தொடர்பு அறுந்தது. போலிகள் புகுந்த வழி அதுதான்.

அதனால் படத்துக்கு முன் காகிதத்தைத்தான் பார்க்கிறோம். நிபுணர் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் அது கைமாறிய வரலாறு ஆகாது. யார் யாரிடம் இருந்தது, எந்தக் கண்காட்சியில் தொங்கியது என்பதற்கு அந்தந்தக் காலத்துத் தாள் வேண்டும்.

அடுத்து பின்பக்கம். பழைய ஆணி என்றால் அதைச் சுற்றித் துணியில் துரு ஊறியிருக்கும். பின்னால் புதுத்துணி ஒட்டி மறைத்திருந்தால் யார், எப்போது, எதற்காக ஒட்டினார்கள் என்று கேட்டாக வேண்டும். சேதம் மட்டும் சந்தேகத்துக்குக் காரணமல்ல. பிளைவுட்டில் லியுபோவ் போபோவா வரைந்த ஓர் ஓவியம் ஜன்னலை அடைக்கும் பலகையாக அறையப்பட்டிருந்தது. மாற்றுப் பலகை கொடுத்துத்தான் சேகரிப்பாளர் ஜார்ஜ் கோஸ்டாகிஸ் அதைப் பெற்றார்.

பிறகு அறையை முழுக்க இருட்டாக்கி 365 நானோமீட்டர் புறஊதா விளக்கு. துணியின் நூல் பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது, சலவைத்தூளில் சேர்ப்பதே. இது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆனால் படிந்த தூசியும் பின்னாளில் ஒட்டிய துணியும்கூட இப்படி ஒளிரும். வண்ணத்துக்கு அடியில் சிக்கிய நூலை நுண்ணோக்கியில் பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை.

அதிகம் தவறு நடப்பது எக்ஸ்ஆர்எஃப் கருவியில், அதாவது எக்ஸ்-கதிர் பாய்ச்சி வண்ணத்தில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் கருவியில். திரையில் 'டைட்டானியம்' என்று வந்ததும், அது பின்னாளைய வெள்ளை வண்ணம் என்று எண்ணி, போலி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றல்களில் கோடுகளாகத் தெரியும். டைட்டானியத்தின் முதன்மைக் கோடு 4.51 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பேரியத்துக்கு 4.47. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த லித்தோபோன் வெள்ளையில் பேரியம் உண்டு. கருவியை 50 கிலோவோல்ட்டில் வைத்து, 32 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே பேரியத்தின் இன்னொரு கோடு எழுகிறதா பாருங்கள். 30 கிலோவோல்ட்டில் அது எழவே எழாது. 50இல் அந்தக் கோடு எழுந்தாலும் டைட்டானியம் இல்லையென்று ஆகாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதை, லேசர் ஒளி சிதறுவதை வைத்துச் சேர்மத்தை அடையாளம் காட்டும் ராமன் கருவிதான் பிரிக்கும். ரூட்டைல் வகை டைட்டானியம் வெள்ளை 1930களின் இறுதிக்குப் பிந்தியது, தாலோசயனின் நீலம் 1935இல் சந்தைக்கு வந்தது. 1915 என்று தேதியிட்ட படத்தின் மூல வண்ணத்தில் இவை இருந்தால் பேச்சு முடிந்தது. 'மூல' என்பதை அழுத்திச் சொல்கிறோம்: பிற்காலத்தில் யாராவது செப்பனிட்ட இடத்தில் அளந்தால் நல்ல படமும் போலியாகிவிடும். புறஊதாவில் செப்பனிட்ட திட்டுகள் பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். அவற்றை விலக்கிப் பல இடங்களில் அளக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் அடியில் வேறு படம் தெரிந்தால் பதற வேண்டாம். ரஷ்ய அவான்-கார்ட் ஓவியர் மாலேவிச்சின் 1915ஆம் ஆண்டு 'கறுப்புச் சதுர'த்தின் அடியிலேயே இரண்டு படங்கள் இருப்பதை மாஸ்கோவின் திரெத்யகோவ் கலைக்கூட ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள்.

துணியின் வயதைக் காட்டும் கார்பன்-14 சோதனை கடைசியில்தான், ஏனென்றால் கொடுக்கும் நூல் திரும்பி வராது. 1950களின் நடுவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அந்தக் கூடுதல் நூலில் இருந்தால் துணி அதற்குப் பிந்தியது. இல்லையென்றால் துணி பழையது என்பது மட்டுமே தெரியும், பழைய துணியில் இன்றைக்கும் வரையலாம்.

எல்லாம் தேறினாலும் அறிக்கையில் 'அசல்' என்று எழுதுவதில்லை. 'சொல்லப்படும் காலத்துக்கு முரணான பொருள் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி, அளந்த இடங்களைக் குறித்த புகைப்படத்தையும் கூடவே இணைக்கிறோம்.