கட்டி பழுக்கட்டும் என்று காத்திருந்த நாட்கள்

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டில் அடுப்புப் போட்டு, விசேஷ வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு மனகோலமும் சீப்புச் சீடையும் சுட்டு டின்னில் அடைத்துவிட்டு இரவு சாப்பிட்டேன். பத்து மணிக்கு மேல்வயிற்றில் வலி பிடித்து நேராக முதுகுக்குப் பாய்ந்தது. படுக்க முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தாங்கியது. வாந்தி நிற்கவே இல்லை.

பக்கத்துக் கிளினிக்கில் வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடியும்போது கண் இருட்டியதும் காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் ரத்தத்தில் லைப்பேஸ் என்ற, கணையத்தில் சுரக்கும் செரிமானப் பொருளின் அளவைப் பார்த்தார்கள். இப்படி ஒரு வலியோடு அந்த அளவு இயல்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினாலே கணைய அழற்சி என்று எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு அதற்கும் எவ்வளவோ மேலே இருந்தது. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். அதில் ஒன்று நழுவி வந்து, பித்தநீரும் கணைய நீரும் குடலில் இறங்கும் குழாயின் வாயை அடைத்ததில், சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்கியிருந்தது. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது வலித்ததை இரண்டு வருடமாக நான் யாரிடமும் காட்டவில்லை. இப்படி வலிக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அன்றைக்கே திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு ஆம்புலன்ஸ். ஐசியூவில் ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் டிரிப்ஸும் வலி மருந்தும் ஆக்சிஜனும்தான். அப்புறம் மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை மெல்லிய ட்யூப் விட்டுக் கஞ்சி மாதிரி ஊட்டம் ஏற்றினார்கள். குடல் சும்மா கிடந்தால் அதிலுள்ள கிருமி கணையத்துக்குத் தாவும் அபாயம் கூடும், அதனால் முடிந்தவரை குடல் வழியாகவே உணவு கொடுப்போம் என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் சி.டி.யில் கணையத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது தெரிந்தது. இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் பொறுக்கவில்லை. "செத்ததை வெட்டி எடுக்காமல் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், வேறு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று நின்றார்கள். இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். அந்தக் கோபத்தில் என்னை வேறெங்காவது கொண்டுபோய் உடனே வயிற்றைத் திறக்கச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேனா என்று சொல்ல முடியாது.

சர்ஜன் அவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "ஐயா, கட்டி பழுக்கும் முன்னே கீறினால் என்ன ஆகும்? ரத்தம்தான் கொட்டும். இதுவும் அப்படித்தான். செத்த சதைக்கும் நல்ல சதைக்கும் நடுவே சுவர் எழும்ப நாலு வாரம் ஆகும். அதுவரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவோம்." நெதர்லாந்தில் 88 நோயாளிகளை வைத்துச் செய்து 2010-ல் வெளிவந்த ஆய்வையும் சொன்னார். எடுத்த எடுப்பில் வயிற்றைத் திறந்தவர்களைவிட, முதலில் கெட்ட நீரை வெளியே வடிக்க ட்யூப், போதாவிட்டால் சின்ன ஆபரேஷன் என்று படிப்படியாகப் போனவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் குறைவாக வந்தன. அப்படிப் போனவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ட்யூப் மட்டுமே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் வாரக் கடைசியில் குளிர் காய்ச்சல் வந்தது. மறுபடி சி.டி. எடுத்ததில் கணையத்தைச் சுற்றிச் சேர்ந்திருந்த நீருக்குள் காற்றுக் குமிழிகள் தெரிந்தன. கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே இடது விலாப்பக்கம் ட்யூப் இறக்கினார்கள். பழுப்பாக, துணுக்குத் துணுக்காக வந்தது. நர்ஸம்மா தினமும் மூன்று வேளை சலைன் விட்டுக் கழுவுவார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அந்த 35 பேரில் நானும் ஒருத்தியாக இருக்கவேண்டும் என்று குன்றக்குடி முருகனை வேண்டிக்கொண்டே கிடந்தேன். ஆனால் ஒரு வாரத்தில் ட்யூப் அடைத்துக்கொண்டது. பெரிய ட்யூப் மாற்றியும் காய்ச்சல் திரும்பியது.

33-ஆம் நாள் ஆபரேஷன். முன்வயிற்றைத் தொடவே இல்லை. ட்யூப் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு இடது விலாவுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் கீறி, கேமரா விட்டு, பின்பக்க வழியாகச் செத்த சதையை எடுத்தார்கள். தானாகப் பிரிந்து வருவதை மட்டும் எடுத்தோம், ஒட்டியிருந்ததை இழுக்கவில்லை என்றார் சர்ஜன். சிலருக்கு வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, இரைப்பைச் சுவரில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தே வடித்துவிடுகிறார்கள். என்னுடையது இடுப்புப் பக்கமாக இறங்கியிருந்ததால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டு தடித்த ட்யூபோடு வீட்டுக்கு வந்தேன். ஒன்று சீக்கிரம் எடுத்தாயிற்று. மற்றதில் கணைய நீர் கசிந்துகொண்டே இருந்தது. பட்ட தோல் வெந்துபோகும். சிங்க் ஆக்ஸைடு களிம்பைச் சுற்றிலும் கனமாகத் தடவியபிறகுதான் தூங்க முடிந்தது. ட்யூப் இழுபடாமல் இருக்க அதைப் பாவாடை நாடாவோடு சேர்த்துப் பின் குத்திக்கொள்வேன். மகன் என் ஆர்டர் நோட்டிலேயே தினமும் எத்தனை மில்லி என்று எழுதினான். 160, 140, 90, இருபது, அப்புறம் ஒன்றுமில்லை. ஏழு வாரம் ஆனது. ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டர் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான்.

செலவில் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தாங்கியது. சேர்க்கும் அன்றைக்கே அட்டையைக் காட்டிவிடுங்கள்.

நீரெல்லாம் வற்றியது உறுதியான பிறகு, லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். அதை விட்டுவைத்தால் இன்னொரு கல் இதே வேலையைச் செய்யும்.

இப்போது எண்ணெய்ச் சட்டி முன்னால் மகள் உட்காருகிறாள், நான் மாவுப் பதம் பார்க்கிறேன். சாப்பிடும்போது நடுவில் என்சைம் மாத்திரை போடவேண்டும். மறந்தால் மலம் எண்ணெயாக மிதக்கும். மிச்சக் கணையத்துக்கு இன்சுலின் சுரக்கத் தெம்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த சர்க்கரைப் பரிசோதனைக்கு மதுரை போகவேண்டிய தேதியை மகன் அதே நோட்டில், தை மாத ஆர்டர்களுக்கு மேலே எழுதி வைத்திருக்கிறான்.