நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை மெஷினால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவில் வேலைபார்க்கும் செவிலியரிடம் நோயாளிகள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மருத்துவத்தோடு சம்பந்தம் இருப்பதில்லை. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், அதே கட்டில், அதே முகங்கள். இரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய் இன்னொரு குழாய் வழியே திரும்பும் அந்த நேரத்தில், வீட்டில் வாய்விடாததையெல்லாம் பேசிவிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். பேச்சு சுற்றிச் சுற்றிக் கர்த்தரிடம்தான் வந்து நிற்கும்.

மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்தார். விசுவாசிக்கிறவனுக்கு மெஷின் எதற்கு என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். டயாலிசிஸை விட்டுவிட்டார். அடுத்து அவரைப் பார்த்தபோது ஆம்புலன்ஸில் வந்திறங்கினார்: நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறிக்கொண்டு. இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறியிருந்தது. அது எல்லை மீறினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடும். பொட்டாசியம் மிகுந்த இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம் என்று நாங்கள் நச்சரிப்பது அதனால்தான். தேங்கிய நீரை எடுத்து மூச்சு சீரானதும் அவர் முதலில் கேட்டது இதுதான்: "சிஸ்டர், என் விசுவாசம் போதவில்லையா? இல்லை, கர்த்தருக்கு என்மேல் அன்பே இல்லையா?"

அந்தக் கூட்டத்தில் பேசியவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. சிகிச்சையை நிறுத்தவைத்தது பெரிய கேடு. சுகம் கிடைத்தால் அன்பு, கிடைக்காவிட்டால் கோபம் என்று அண்ணாச்சி மனத்தில் ஒரு கணக்கை எழுதிவைத்தது அதைவிடப் பெரிய கேடு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அளவைப் பார்ப்பதுபோல தேவ அன்பையும் மாதாமாதம் பரிசோதனை முடிவில் தேடச் சொல்கிற போதனை அது.

வேதாகமத்தில் யோவான் 11-ஆம் அதிகாரம் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. லாசரு படுத்த படுக்கையானபோது அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் இயேசுவுக்குச் சொல்லியனுப்பியது ஒரே வரி: "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்." உடனே வாரும் என்றோ, சுகமாக்கும் என்றோ அதில் இல்லை. இயேசு அந்த மூவரிடத்திலும் அன்பாயிருந்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே, இருந்த இடத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்கிறார் யோவான். அன்பும் தாமதமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மார்த்தாள் வருத்தத்தை மறைக்கவும் இல்லை. நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்று நேருக்கு நேர் சொன்னாள். நம்பிக்கை என்றால் முறையிடாமல் இருப்பது என்று நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை எப்படித்தான் வாசிக்கிறார்களோ!

இதை நான் சொன்னதும் அண்ணாச்சி சமாதானம் ஆகிவிடவில்லை. பிறகு சில வாரங்கள் பழைய பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். தராசில் கைவைத்தது, தம்பியின் பங்கில் இழுபறி செய்தது. தண்டனைதான் இது என்றார். அப்போது, அவர் கை பூட்டியிருந்த அந்த மெஷினின் கதையைச் சொன்னேன். ஜெர்மானியப் படை நெதர்லாந்தைப் பிடித்துவைத்திருந்த காலத்தில், 1943-இல், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் தொத்திறைச்சிக்கு உறையாகும் செலோபேன் குழாயைக்கொண்டு நடைமுறைக்கு உதவிய முதல் செயற்கைச் சிறுநீரகத்தைக் கட்டினார். தொடக்கத்தில் அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945-இல் அதனால் உயிர் மீண்டவர் 67 வயதுப் பெண். நாஜிகளுக்குத் துணைபோனவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். ஊரே வெறுத்த ஒருவருக்கு அந்த டாக்டர் சிகிச்சையை மறுக்கவில்லை.

"மனுஷனே அப்படியென்றால்…" என்று தொடங்கிய அண்ணாச்சி அதற்குமேல் பேசவில்லை. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்ற வசனம் அவருக்கு ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே மனப்பாடம். நான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய சிறுநீரகம் சரியாகவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறார், காப்பீட்டு அட்டையோடு தவறாமல் வருகிறார், ஊசி குத்தும்போது இன்றும் முகம் சுளிக்கிறார். ஜெபிக்க வரும் சபையாருக்கு மட்டும் இப்போது ஒரு நிபந்தனை போடுகிறார்: மார்த்தாளும் மரியாளும் சொல்லியனுப்பிய அந்த ஒரே வரியைச் சொல்லி ஜெபித்தால் போதும். பிரசங்கம் கூடாது, நான்கு மணி நேரம் எழுந்து ஓட முடியாதவனிடம் பிரசங்கம் பண்ணுவது நியாயமில்லையாம். ஒன்றிரண்டு பேருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.