எட்டு வயதுக்கு ஐந்து வாரம் குறைவு

எங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் (மார்மன் சபை என்பார்கள்) பொது மாநாட்டுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். நான் படிக்கவில்லை. எங்கள் வார்டின், அதாவது உள்ளூர்ச் சபையின், எழுத்தரிடம் கேட்டேன். "குழந்தையை அழைத்துப் போகலாம், ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றார். நம்பினேன்.

2018 மார்ச் 31, சனிக்கிழமை காலை, சபையின் தலைமையகம் உள்ள அமெரிக்க நகரமான சால்ட் லேக் சிட்டி. ஜனவரி 2ஆம் தேதி சபையின் தலைவரும் தீர்க்கதரிசியுமான தாமஸ் மான்சன் மறைந்தபின், அப்போஸ்தலர்களில் பதவியில் மூத்தவரான ரசல் நெல்சன் தீர்க்கதரிசியாகியிருந்தார். அவரைச் சபையார் கை உயர்த்தி ஆதரிக்கும் விசேஷித்த ஆசரிப்பு அன்றுதான். இதற்கு முன் நடந்தது 2008இல். டிக்கெட் இலவசம்தான், ஆனால் வார்டுக்கு வருவது கைவிரலில் எண்ணக்கூடிய அளவு. எங்களுக்கு மூன்று கிடைத்தன.

உண்மையைச் சொன்னால், நான் அரைமனதோடுதான் கிளம்பினேன். நெல்சன் மீது குறை இல்லை. தொண்ணூற்று மூன்று வயதில் அந்த இருதய அறுவை மருத்துவர் நடந்த வேகம் எனக்கு வராது. என் மனத்தாங்கல் உக்டார்ஃப் பற்றியது. ஜெர்மனிக்காரர், முன்னாள் லுஃப்தான்சா விமானி, மான்சனுக்கு ஆலோசகராகப் பத்து ஆண்டு இருந்தவர். வேற்று நாட்டு உச்சரிப்போடு பேசும் ஒருவர் அந்த மேடையில் இருந்தது என்னைப் போன்றவனுக்கு எத்தனை ஆறுதல் என்பது இங்கே பிறந்தவர்களுக்குப் புரியாது. நெல்சனோ ஓக்ஸையும் ஐரிங்கையும் ஆலோசகர்களாக்கினார். உக்டார்ஃப் பன்னிரு அப்போஸ்தலர் குழுவுக்குத் திரும்பினார். பதவியிறக்கம் அல்ல என்று எல்லோரும் விளக்கினார்கள். விளக்க வேண்டியிருந்ததே, அதுதான் என் வருத்தம்.

பத்து மணிக் கூட்டத்துக்கு எட்டரைக்கே வாசலில் நின்றோம். வரிசை நகர்ந்தது, பைச் சோதனை முடிந்தது. பிறகு வாசற்காப்பாளர் குனிந்து என் மகளிடம் அன்பாகக் கேட்டார்: "உனக்கு எத்தனை வயது?"

"ஏழு. ஆனால் இன்னும் ஐந்தே வாரத்தில் எட்டு" என்றாள். பொய் சொல்லக்கூடாது என்று நாங்கள்தானே வளர்த்தோம்.

எட்டு நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை. இருபத்தோராயிரம் பேர் உட்காரும் அரங்கில் என் ஏழு வயதுக்காரிக்கு இடம் இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். அந்தச் சிரிப்புதான் அதிகம் எரிந்தது. மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் சாலையைக் கடந்தோம். சபையின் வளாகமான டெம்பிள் ஸ்கொயரின் வடக்குப் பக்கம், டிக்கெட் இல்லாதவர்கள் காத்திருக்கும் வரிசையில் ஒரு முதியவரும் அவர் பேத்தியும் நின்றிருந்தார்கள். பேத்திக்குப் பதினான்கு வயது. இந்த முறை விசாரித்துவிட்டேன். எங்கள் இரண்டு டிக்கெட்டையும் கொடுத்தேன். அவர் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று காலை உருப்படியாக நடந்த ஒரே காரியம் அது.

பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் கேட்டோம். ஒவ்வொரு பிரிவாக எழுந்து நிற்கச் சொன்னார்கள். எங்கிருந்தாலும் எழலாம் என்றார்கள். மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவம் (சபையின் உயர் ஆசாரியத்துவம்) உடையவர்களின் முறை வந்ததும் எழுந்தேன். கை உடனே உயரவில்லை, உக்டார்ஃப் நினைவு. பிறகு உயர்ந்தது. ஆதரிப்பது என்றால் எனக்குப் பிடித்த மந்திரிசபைக்கு ஓட்டுப் போடுவதல்ல என்பது அந்த இரண்டு விநாடியில்தான் எனக்கு உறைத்தது. கடைசியில் எல்லோரும் எழுந்தபோது மகளும் கை தூக்கினாள். எங்கள் சபையில் ஞானஸ்நானமே எட்டு வயதில்தான். உனக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் ஒருமுறை கேட்டது போதும்.

அன்றே இரண்டு புதிய அப்போஸ்தலர்களின் பெயர்கள் வந்தன: சீன வம்சாவளியினரான கெரிட் காங், பிரேசிலின் உலிசிஸ் சோரஸ். என் புலம்பலில் பாதி அங்கேயே அடங்கியது.

அரங்கில் ஒரு பெண் உரத்த குரலில் எதிர்ப்புத் தெரிவித்ததாக மனைவி வெளியே வந்ததும் சொன்னாள். பிள்ளைகளை வார்டுத் தலைவரான பிஷப் தனியறையில் கேள்வி கேட்கும் வழக்கத்தை எதிர்த்து முந்தைய நாள்தான் நகரில் ஊர்வலம் போயிருந்தது. பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் அதை நான் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. எட்டு வயதானதும் ஞானஸ்நானத்துக்கு முன் அவளுக்கும் நேர்காணல் உண்டு. நான் அறைக்குள்ளேயே உட்காருவேன் என்று பிஷப்பிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு பிற்பகல், கூட்டம் முடியும் நேரத்தில், நெல்சன் ஏழு புதிய ஆலயங்களை (ஞாயிறு ஆராதனைக்கான கூடங்கள் அல்ல, விசேஷச் சடங்குகளுக்கானவை) அறிவித்தார். அதில் ஒன்று பெங்களூரு, இந்தியாவின் முதல் ஆலயம். நான் கைபேசியை எடுப்பதற்குள் சென்னையிலிருந்து அண்ணன் அழைத்துவிட்டார். அங்கே அதிகாலை மூன்றரை மணி. குடும்பத்தோடு ஹாங்காங் ஆலயத்துக்குப் போக அவர் நான்கு ஆண்டுகளாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"இனி அந்தப் பணத்தை என்ன செய்வது?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு எடுத்துவிடாதீர்கள் அண்ணா. இன்னும் அடிக்கல்கூட நாட்டவில்லை" என்றேன்.