பொம்மைக் கடன்

ஜனவரி 4, 2025, சனி

குளிர்ச்சட்டைகளைத் தம்பியின் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, ரொறன்ரோ விமான நிலைய வாசலில் இருந்து நடுங்கியபடி உள்ளே ஓடினோம். எங்கள் டிக்கெட்டில் பெட்டிக்கு இடமில்லை. ஆளுக்கொரு முதுகுப்பை மட்டும். இவருடைய கணக்குக் கொப்பியும் அதற்குள் ஏறியிருக்கிறது என்பது மெக்சிகோவின் கான்கூனில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வாசலில் டாக்சிக்காரர்களும், இலவசக் காலை உணவைக் காட்டி விடுதிப் பங்கு விற்பவர்களும் மொய்த்தார்கள். இவர் யாரையும் நிமிர்ந்து பாராமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். ஒரு மணி நேரத்தில் பிளாயா டெல் கார்மென். குளிர்காலத்தில் இந்த மாநிலத்துக்கும் ரொறன்ரோவுக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. "அதற்காவது காசு கேட்கவில்லை" என்றார்.

விடுதியில் கையில் நீலப் பட்டி கட்டினார்கள். சாப்பாடு, குடிவகை எல்லாம் அதற்குள் அடக்கம். கடல் தெரியும் அறைக்கு இரவுக்கு 40 டாலர் கூட என்பதால், எங்கள் ஜன்னலுக்கு வாய்த்தவை துணி துவைக்கும் இயந்திரங்கள்.

ஜனவரி 6, திங்கள்

நேற்று எழுத ஒன்றுமில்லை. சாப்பிட்டோம்.

இன்று 'நோர்தே'. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் கடற்கரையில் சிவப்புக் கொடிதான். எங்கள் வாடைக்காற்றுக்குப் பெரியப்பா மகன் போலிருக்கிறது. கடல் இல்லையென்றதும் இவருக்குச் சாப்பாடே வேலையாகிவிட்டது. கட்டிய காசை வேளைக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டு, மூன்றாம் தரமும் தட்டோடு எழுந்து போனார். அந்தச் சப்பென்ற சோற்றுக்கு இவ்வளவு விசுவாசமா? வெளியே போய் ஏதாவது சாப்பிடலாம் என்றேன். "ஏற்கெனவே கட்டியாயிற்று" என்று பட்டியைக் காட்டினார்.

மாலையில், இன்று மூன்று ராஜாக்களின் திருநாள் என்று வளையமாகச் சுட்ட ஒரு பெரிய இனிப்பு ரொட்டியை வைத்து, ஆளுக்கொரு துண்டு வெட்டச் சொன்னார்கள். உள்ளே குட்டிப் பொம்மைகள் ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் வருகிறதோ அவர் பெப்ரவரி 2 அன்று மற்றவர்களுக்குத் தமாலே கொடுக்க வேண்டும். சோள மாவை மடலில் பொதிந்து அவிக்கும் பண்டம் அது. பொம்மை யாருடைய பல்லில் தட்டுப்பட்டது என்று நான் எழுதத் தேவையில்லை. மண்டபமே கைதட்டியது. இவர் என் பக்கம் குனிந்து, "அன்றைக்கு நாங்கள் ஸ்கார்பரோவில் இருப்போம் என்று சொல்லும்" என்றார்.

ஜனவரி 8, புதன்

நெடுஞ்சாலையில் வெள்ளை வேன்கள் ஆட்களை ஏற்றி இறக்கியபடி ஓடுகின்றன. கொலெக்டிவோ என்று பெயர். கை காட்டினால் நிற்கும். மினிபஸ்ஸில் தொங்கி வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போனது ஒரு செனோட்டேக்கு. சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து விழ, அடியில் இருந்த தண்ணீர் வானம் பார்த்துக் கிடக்கிறது. இந்த யுகட்டான் தீபகற்பத்தின் வடக்கில் தரைக்கு மேல் ஆறு கிடையாது. பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. இந்த மண்ணின் பழங்குடிகளான மாயர்கள் அள்ளிக் குடித்ததும் இந்தத் தண்ணீரைத்தான். வெயில் கிரீமைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். இறங்கியதும் மூச்சடைத்தது. கீழே நீலம், அதற்கும் கீழே கருமை. கடலோரக் குகைகளில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருக்கும் என்று அங்கிருந்தவர் சொன்னபோது, இருவரும் ஒரே நேரத்தில் "நிலாவரை!" என்றோம். யாழ்ப்பாணமும் வற்றாத ஆறில்லாத சுண்ணாம்பு நிலம்தானே. நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று சின்ன வயதில் கேட்ட கதையை இவர் நீந்தியபடியே சொன்னார். பிறகு ஒரு பெருமூச்சு. "விடுதியில் எலுமிச்சம்பழம் சும்மாதான். ஒன்று எடுத்து வந்திருக்கலாம்."

ஜனவரி 9, வியாழன்

வென்றுவிட்டேன். பின்தெருவில் செங்குத்துக் கம்பியில் சுழலும் பன்றி இறைச்சியைச் சீவி, உச்சியில் குத்தியிருந்த அன்னாசியிலிருந்து ஒரு துண்டை டாக்கோ என்கிற மடித்த சோள ரொட்டிக்குள் வெட்டி வீழ்த்தினார் கடைக்காரர். லெபனானில் இருந்து குடியேறியவர்களின் ஷவர்மா, மெக்சிகோவில் எடுத்த மறுபிறவி. இவர் ஆறு தின்றார், பட்டியைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு. பக்கத்து வண்டியில் அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தார்கள். கொழும்புக் காலிமுகத்திடல் ருசி. மிளகாய் இந்தப் பக்கத்தில் இருந்துதான் போர்த்துக்கேயர் கையால் எங்கள் அம்மிக்கு வந்தது.

ஏடிஎம்மில் ஒரு பாடம்: இயந்திரம் தன்னுடைய மாற்று வீதத்தை ஏற்கச் சொல்லிக் கேட்கும். மறுக்க வேண்டும். அப்போதும் பணம் வரும், நம் வங்கியின் வீதத்தில்.

ஜனவரி 10, வெள்ளி

மெக்சிகோவில் கடற்கரை அரசுச் சொத்து; எவரும் உட்காரலாம். பகல் முழுவதும் பெரிய விடுதி ஒன்றின் முன்னால், எங்கள் துவாயை விரித்து, அவர்களுடைய சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெப்ரவரி 2, ஞாயிறு, ஸ்கார்பரோ

வெளியே பனி. காலையில் எழுந்தபோது அடுப்பில் நீராவி. இவர் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார். பத்துக்கு மேல் வெடித்திருந்தன. தம்பி வீட்டுக்கும் கீழ்வீட்டாருக்கும் கொடுத்தனுப்பினோம். கொப்பியைத் திறந்து பார்த்தேன்: பொம்மைக் கடன்: அரிசிமா, பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பூ. 11 டாலர் 35 சதம். தீர்ந்தது.