பிறர் வழக்கில் எங்கள் ஒழுங்கை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் எங்கள் ஊர். கண்ணகி அம்மன் கோயிலடியில் இருந்து வாவிக்கரைக்கு ஓர் ஒழுங்கை போகிறது. தோணி கட்டுபவர்களும் இறால் கொண்டுவருபவர்களும் அதால்தான் நடப்பார்கள். வைகாசிச் சடங்குக்கு நீர் எடுத்து வருவதும் அந்த வழியால்தான். ஒரு நாள் விடிய அதன் குறுக்கே கொங்கிறீட் தூண் நாட்டி முட்கம்பி இழுத்திருந்தார்கள். "வழக்கு நடக்கிற காணி, உள்ளே வரக்கூடாது" என்றார் காவலாளி.

யாருக்கும் யாருக்கும் வழக்கு என்று எங்களுக்குத் தெரியாது. காணிப் பதிவகத்தில் தேடியபோது, வழக்கு நிலுவையில் இருப்பது அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தில் பதியப்பட்டிருந்தது. வழக்கிலக்கம் கிடைத்தது அங்கேதான். விடுதி கட்ட வந்த ஒரு கம்பனி வழக்காளி. பழைய உரித்தாளர் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் எதிராளிகள். இரு தரப்பும் அந்தத் தென்னங்காணி தமது என்கின்றன. இரு தரப்பின் நில அளவைப் படங்களிலும் ஒழுங்கை இல்லை. எவர் வென்றாலும் எங்கள் வழி போய்விடும்.

நான் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர். ஊரெல்லாம் நடந்து கையெழுத்து வாங்கிய மகஜரோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த சட்டத்தரணி அதை முழுவதும் வாசித்தார். "இதில் உங்கள் கஷ்டம் இருக்கிறது தங்கச்சி. அந்தக் காணியில் உங்கள் உரிமை என்ன என்பது எங்கே?" என்று கேட்டார். மூன்று மாதமாக எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 18ஆம் பிரிவை அவர் விளக்கினார். 1889ஆம் ஆண்டின் சட்டம் அது. வழக்கிலுள்ள பிரச்சினைகளை முழுமையாகத் தீர்க்க ஒருவர் அவசியம் என்று நீதிமன்றம் கண்டால், அவரைத் தரப்பாகச் சேர்க்கலாம். வெளியாள் நுழைய அந்த வாசலைத் தவிர வேறு வாசல் இல்லை. ஊருக்குப் பாதிப்பு என்று சொல்வது மட்டும் போதாது.

அடுத்த சிக்கல்தான் என்னை மிகவும் அலைக்கழித்தது: விண்ணப்பிப்பது யார்? எங்கள் சங்கத்துக்குப் பதிவுச் சான்றிதழ் உண்டு, முத்திரை உண்டு. ஆனால் தன் பெயரில் வழக்காடும் சட்டத் தகுதி அதற்கு இல்லை என்றார் சட்டத்தரணி. இத்தனை வருடம் எழுதிய கூட்டக் குறிப்புகளை நினைத்தபோது நெஞ்சு கனத்தது. ஆனால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தத் தகுதி உண்டு. அது பதிவோடு கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு. கோயில் சார்பில் அதன் நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கர் வந்தார். ஒழுங்கையோரத்து இரண்டு குடும்பங்கள், அதே சட்டக்கோவையின் 16ஆம் பிரிவின்படி மற்றவர்களையும் பிரதிநிதித்துவம் செய்ய அனுமதி கேட்டன.

இனிச் சான்று. 2004 சுனாமி கோயில் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது வண்ணக்கரின் மகள் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒரு கணக்குக் கொப்பி மட்டும். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 1991 வைகாசிப் பக்கத்தில், கற்பூரச் செலவுக்குக் கீழே நீல மையில் ஒரு வரி: "வாவிக்கரை ஒழுங்கை பற்றை வெட்டிய கூலி ரூபா 150." அதற்குப் பின் ஒவ்வொரு வைகாசியிலும் அதே வரி, கூலி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சட்டத்தரணி அந்தப் பக்கங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இடையூறின்றிப் பத்து வருடப் பாவனை இருந்தால் வழியுரிமை கோரலாம் என்பது ஆட்சியுரிமைச் சட்டம். எங்கள் கொப்பியில் அதைவிட நீண்ட கணக்கு இருந்தது.

சத்தியக்கடதாசி எழுதும்போது, அவரவர் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்று சட்டத்தரணி கண்டிப்பாக நின்றார். "பிறந்த நாள் முதல் நடக்கிறேன்" என்றார் எங்கள் பெரியையா. அதை வெட்டிவிட்டு, ஏழு வயதில் தகப்பனின் தோணிக்குச் சோற்றுப் பெட்டி கொண்டுபோனதை எழுதினோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச சபைக்கும் எழுதினோம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொன்னார்கள். வீதிப் பட்டியலில் எங்கள் ஒழுங்கை இல்லை. எங்களுக்குப் பாதகமான கடிதம்தான். அதையும் மறைக்காமல் இணைத்தோம். எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டி நாங்கள் தலைகுனிவதைவிட அது மேல்.

கம்பனியின் சட்டத்தரணி ஆட்சேபித்தார். இது உரித்து வழக்கு, வழி வேண்டுமென்றால் தனி வழக்குப் போடட்டும் என்றார். எங்களையின்றி எல்லை தீர்மானிக்கப்பட்டால் அதே காணிக்கு இன்னொரு வழக்கு வரும் என்பது எங்கள் பதில். இரண்டு தவணை தள்ளிப்போய், மூன்றாவதில் கட்டளை வந்தது. கூட்டுறவுச் சங்கமும் வண்ணக்கரும் 3ஆம், 4ஆம் எதிராளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். குடும்பங்களின் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அந்த அக்காமார் இருவரும் நீதிமன்ற வாசலில் அழுதார்கள். எனக்கும் சொல்ல வார்த்தை வரவில்லை.

இப்படியொரு நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வழக்கிலக்கம் தெரிந்த கிழமையே சட்டத்தரணியிடம் போங்கள். நாங்கள் மகஜரோடு அலைந்த மூன்று மாதத்தையும் தாமதம் என்று எதிர்த்தரப்பு எங்களுக்கு எதிராகவே எடுத்து வாதிட்டது.

முட்கம்பி இன்னும் இருக்கிறது. ஒழுங்கையை அளந்து படத்தில் காட்ட நீதிமன்றம் நில அளவையாளர் ஒருவருக்கு ஆணை கொடுத்திருக்கிறது. அவர் வரும் நாளில், பற்றைக்குள் மறைந்து கிடக்கும் பழைய எல்லைக் கல்லைக் காட்டப் பெரியையா காத்திருக்கிறார்.