வாட்டின வாழையிலையும் ஹோர்லிக்ஸ் போத்தலும்

எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுவில் இருக்கிற தம்பி ஒருவர் போன் எடுத்து, "அண்ணை, பள்ளிக்கூட ஞாபகம் ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது எனக்கு வகுப்பறையோ விளையாட்டுப் போட்டியோ நினைவுக்கு வரவில்லை. 1976 இல் ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா போகும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடுகிற யாழ்தேவி ரயிலில் அவிழ்த்த புட்டுப் பார்சல்தான் வந்தது. சரி, அதையே எழுதுகிறேன். வழிப்பயணத்தில் சாப்பிட்ட வேறு சில சாப்பாடுகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும், அதில் ஒன்றுக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை.

அது சாமான் தட்டுப்பாட்டுக் காலம். அரிசியைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு மாவட்டம் தாண்டினால் தடையில் மறித்துவிடுவார்கள். மறுபக்கம், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாதபடியால் எங்கள் ஊர்த் தோட்டங்கள் செழித்துக் கிடந்தன, செத்தல் மிளகாய்க்கு வீட்டில் குறைவே இல்லை. அதனால் சுற்றுலாவுக்கு வெளிக்கிட்ட முப்பது பொடியங்களின் பைகளிலும் கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு: புட்டு, இடிச்ச சம்பல், முட்டைப் பொரியல். அம்மா புட்டை அவித்ததும் கட்டமாட்டா, சுளகில் பரப்பி நன்றாக ஆறவிடுவா, சூட்டோடு கட்டினால் வேர்த்துப் பழுதாகிவிடும் என்று. பயணப் புட்டுக்குத் தேங்காய்ப்பூவும் கொஞ்சம்தான். வாழையிலையைத் தணலில் காட்டி, அது பளபளவென்று கரும்பச்சையாக மாறித் துணி மாதிரி மடியத் தொடங்கும்போது எடுத்து, அதில் வைத்துச் சுற்றி, மேலே பழைய பேப்பர், அதற்கு மேலே சணல் கயிறு.

ஆனையிறவு தாண்டவே ஒருவன் பொறுக்கமுடியாமல் முடிச்சை அவிழ்த்துவிட்டான். அந்த வாட்டின இலையின் மணமும் வறுத்து இடித்த மிளகாயின் மணமும் பெட்டி முழுக்கப் பரவ, எல்லாரும் அவிழ்த்தோம். பிறகு யாருடையது யாருக்குப் போனது என்று தெரியாது. எனக்குக் கிடைத்தது விடுதியில் இருந்த ஒரு நண்பனின் பங்கு, அவனுடைய அம்மா முதல்நாள் மன்னாரிலிருந்து பொரித்த பாரை மீன் கொடுத்து அனுப்பியிருந்தா. அவன் என்னுடைய புட்டைச் சாப்பிட்டான். அந்த மீன் துண்டின் ஓரத்தில் மஞ்சளும் உப்பும் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

மோசமான சாப்பாடும் அதே சுற்றுலாவில்தான். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மலையக ரயிலில் நானுஓயாவுக்குப் போய், நுவரெலியாவில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு கடையில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சோறு நடுவில் வேகவில்லை, பருப்பு தண்ணீராக ஓடியது, கருவாடு நாறியது. ஒருவராலும் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. எங்கள் விஞ்ஞான சேர் கடைக்காரருடன் சண்டைக்குப் போகவில்லை. இந்த இடம் ஆறாயிரம் அடிக்கு மேலே, இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், ஊரில் அவிக்கிற நேரம் அவித்தால் அரிசி வேகாது, கூட நேரம் வைக்கவேண்டும் என்று மேசையிலேயே விளங்கப்படுத்தினார். புத்தகத்தில் அழுத்தமும் கொதிநிலையும் என்று பாடமாக்கினதை நான் உண்மையில் விளங்கிக்கொண்டது அந்தப் பச்சைச் சோற்றில்தான். அப்புறம் சேர் தன்னுடைய பையிலிருந்த கிறீம் கிராக்கர் பிஸ்கட் பெட்டியை எடுத்து எங்களுக்கு எண்ணி எண்ணிக் கொடுத்தார். அவர் எடுக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

ஒன்பது வருசம் கழித்து, 1985 இல், வேறு பயணம். அந்தக் காலத்தில் எங்கள் பொடியள் பலர் அகதியாகப் போன வழி உங்களுக்குத் தெரியும்: கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின், பிறகு ரயிலில் மேற்குப் பக்கம். மொஸ்கோவில் விமானம் மாறக் காத்திருந்தபோது ஒரு தட்டில் கறுப்புப் பாண் இரண்டு துண்டும், குளிர்ந்த இறைச்சியும், புளித்த வெள்ளரிக்காயும் தந்தார்கள். என்ன இறைச்சி என்று கேட்க பாசை தெரியாது, அதனால் அதைத் தொடவில்லை. பாணைக் கடித்தேன், புளித்தது. பழுதான பாண் தந்துவிட்டார்கள் என்று நினைத்து, பசியோடு வைத்துவிட்டேன். றை என்கிற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துத்தான் அந்தப் பாணைச் சுடுவார்கள், அதன் ருசியே அதுதான் என்பது ஜெர்மனியில் சில வருசம் இருந்த பிறகு தெரிந்தது. இப்போது லண்டனில் தேடிப்போய் வாங்குகிறேன், சம்பலோடு மிகவும் பொருந்தும். அன்றைக்கு அதைக் கெட்ட சாப்பாடு ஆக்கியது பாண் அல்ல, பயம்.

கிழக்கு பெர்லினில் ஃப்ரீட்றிக்ஸ்ட்றாச நிலையத்தில் ரயில் ஏறி மேற்கு பெர்லினில் இறங்கியபோது சாப்பிட்டு ஒரு நாளுக்கு மேல். கையில் இருந்த முகவரியைக் காட்டிக் காட்டிக் கேட்டு ஒரு அகதிகள் ஹைமுக்கு, அதாவது விடுதிக்கு, போனேன். கதவைத் திறந்தது எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணை. அங்கே ஒருநாளும் என்னோடு கதைத்திருக்கமாட்டார், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும், "எடே, நீ கிரிக்கெட்டில் பந்து பொறுக்கிற பொடியன் எல்லே, முதல்ல சாப்பிடு" என்றார்.

நான்கு இரும்புக் கட்டில் போட்ட அறை, ஒரு மின்சார அடுப்பு. அரிசியை வைத்துவிட்டு, வெங்காயத்தை வதக்கி, மீன் ரின் ஒன்றை உடைத்துக் கொட்டினார். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்தார். ஊரில் வறுத்து இடித்த கறித்தூள், அடியில் ஒரு விரலளவு மட்டும் மிஞ்சியிருந்தது. அறையில் இருந்த மற்றவர், "அண்ணை, அது பொங்கலுக்கு எல்லே வைச்சனீங்கள்" என்றார். அண்ணை பதில் சொல்லவில்லை. போத்தலைக் கவிழ்த்து, அடியில் கையால் தட்டி, ஒட்டியிருந்ததையும் கரண்டியால் வழித்துப் போட்டார். சட்டியில் அது எண்ணெய்யில் பட்டபோது எழும்பின மணத்தில் நான் அழுதுவிட்டேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே சட்டியைச் சுற்றியிருந்து சாப்பிட்டோம்.

அண்ணை சில வருசத்தில் கனடா போய்விட்டார், நான் லண்டனுக்கு வந்தேன், தொடர்பு விட்டுப்போயிற்று.

1990 இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த வருசமே மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது அவள் அனுராதபுரத்தில் பெட்டிக்குள் ஏறி விற்ற இறால் வடையை மூன்று முறை வாங்கினாள். திரும்பும்போது அக்கா புட்டுக் கட்டித் தந்தா, அதே மாதிரி வாட்டின இலை, அதே மாதிரி சணல் கயிறு. ஆனையிறவு தாண்டும்போது அவிழ்க்கச் சொன்னேன். ஏன் இப்பவே என்று மகள் கேட்டாள், சுற்றுலாக் கதையை அப்போதுதான் சொன்னேன்.

அக்கா போன மாதமும் கறித்தூள் அனுப்பினா. அண்ணை, இந்த மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால் மலர்க்குழுவிடம் என்னுடைய நம்பர் இருக்கிறது, கேளுங்கோ. ஒரு போத்தல் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.