பிள்ளைகளையே கேட்போமா?

பிள்ளை நல்லா இருக்கிறதா என்று கேட்டால் நாம் மார்க்கைத்தான் சொல்கிறோம். காரைக்குடியில் ஆறாவது படிக்கும் அக்கா மகளிடமே கேட்டேன். "அப்பத்தா வளவுல பாண்டி ஆட விட்டா நல்லா இருப்பேன். அப்பா சிங்கப்பூர்லேருந்து பேசுறப்ப மார்க் கேக்காம, என்ன வெளயாண்டேன்னு கேட்டா இன்னும் நல்லா இருப்பேன்" என்றாள். எவ்வளவு தெளிவு!

இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்கத்தான் சொல்கிறது. 'சில்ட்ரன்ஸ் வேர்ல்ட்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வு 8, 10, 12 வயதுப் பிள்ளைகளிடமே வீடு, நண்பர்கள், பள்ளி பற்றிக் கேட்கிறது.

பதின்ம வயதில் பதில் பெரும்பாலும் "ஒண்ணுமில்ல" என்று சுருங்கிவிடும். அப்போதும் துருவாமல் பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லி வையுங்கள்.